எட்டாவது உணர்வு

தன்ஷிகாவின் பத்து நிமிடத்தை வாசித்து முடித்துத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது சுகிர்தாவின் கன்னம் காய்ந்திருந்தது. அழுகை வரவில்லை. பதினோரு வருட வேலையில் இப்படி நடப்பது அபூர்வம். எதிரே திரையில் படிவம் திறந்து கிடந்தது. ‘காயத்துக்கு முந்தைய உணர்ச்சி’ என்று ஒரு கேள்வி. அதன் கீழே கோபம், வெட்கம், பயம், துக்கம், குற்றவுணர்வு, வெறுமை, பதற்றம் என ஏழு கட்டங்கள். ஒன்றைத் தொட வேண்டும். அவள் விரல் எதன் மேலும் இறங்க மறுத்தது.

சுகிர்தா வேலை பார்த்த ஓசூர் மையம் தொடங்கப்பட்டதற்கு முந்தைய சில வருடங்கள் மோசமானவை. பள்ளிப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வது ஊருக்கு ஊர் பெருகிக்கொண்டே போனது. ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லவில்லை. பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் பட்டை வந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் காதுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். நகத்தளவுதான் இருக்கும். பிள்ளையின் உடம்பில் ஓடும் உணர்ச்சிகளை அது பதிந்துகொள்ளும், ஒரு நாள் வைத்திருக்கும், பிறகு தானே அழித்துவிடும். காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைக்கு மட்டும், காயத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தை நர்ஸ் எடுத்து மையத்துக்கு அனுப்புவார்.

மையத்தில் வாசிப்பாளர்கள் நாலு பேர். அவர்களில் ஒருவர் கவசத்தை மாட்டிக்கொண்டு அந்தப் பத்து நிமிடத்தைத் தன் உடம்பில் வாழ்ந்து பார்ப்பார். காட்சி வராது, குரல் வராது, எண்ணம் வராது. உணர்ச்சி மட்டும் வரும். வெட்கத்தையும் குற்றவுணர்வையும் பிரித்தறிய அன்றைக்கு எந்த இயந்திரத்துக்கும் தெரியாது, அதனால் மனிதர்கள் தேவைப்பட்டார்கள். வாசிப்பாளர் கட்டத்தைத் தொட்டதும் வீட்டுக்கு ஒரு தாள் போகும். தாளில் ஒரு சொல் இருக்கும்.

சுகிர்தா இதுவரை எண்ணூறுக்கு மேல் வாசித்திருந்தாள். வாசிப்பு முடிந்தபின் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அவளுக்குப் பேச யாரும் கிடையாது. கணவன் பிரிந்துபோய் ஒன்பது வருடம். ராயக்கோட்டை சாலையில் ஐந்தாவது மாடியில் ஒரு வீடு. சில சாயங்காலங்களில் திடீரென்று நெஞ்சு கனக்கும். இது தன்னுடையதா, காலையில் வாசித்த பிள்ளையுடையதா என்று கண்டுபிடிக்க முடியாமல் பால்கனியில் நின்றுகொண்டிருப்பாள்.

தன்ஷிகாவுக்குப் பதினாறு வயது. ஐந்து மாதத்தில் இது மூன்றாவது முறை. இந்தத் தடவை பள்ளிச் சுவரில் கையைக் குத்தி இரண்டு எலும்பை உடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக் கைப்பந்து அணியில் பந்தை அடிக்கிற வலது கை.

அந்தப் பத்து நிமிடத்தில் சுகிர்தாவுக்குக் கிடைத்தது என்ன? முதலில் அடிவயிற்றில் ஒரு பள்ளம், அது எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பது. கடைசி இரண்டு நிமிடத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் வேறொன்று எழுந்தது. வீட்டுக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்து, கூடத்தைப் பெருக்கிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு துடிப்பு. யாருக்காக?

அவள் படிவத்தை அப்படியே மூடினாள். வாசிப்பாளர்கள் பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது. மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தன்ஷிகா ஜன்னலோரப் படுக்கையில், கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, உயரமான பெண். பக்கத்தில் யாரும் இல்லை.

“நான் சுகிர்தா. மையத்துல வேலை பாக்கறேன்.”

பெண்ணின் கண் விரிந்தது. “வாசிப்பாளரா? என்னோடத வாசிச்சது நீங்களா?”

“ஆமா.”

“மூணுமேவா?”

“மூணுமே நான்தான்.”

தன்ஷிகா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. “ஒரே ஆளாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றாள். பிறகு, “இப்ப என்ன பேப்பர் வரும்?”

“இன்னும் எழுதல. எனக்குப் புரியல. அதான் உன்கிட்டயே கேக்கலாம்னு வந்தேன்.”

“கேக்கவா?” அவள் சிரித்துவிட்டாள். “யாரும் கேக்க மாட்டாங்க மேடம். அதான் பேப்பர் வந்துடுதே. மொத தடவ ‘கோபம்’னு வந்துச்சு, கவுன்சிலிங் கிளாஸ்ல பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாங்க. ரெண்டாவது ‘பதற்றம்’னு வந்துச்சு. மூச்சுப் பயிற்சி. அப்பா பேப்பர ஃபைல்ல போட்டு வச்சிருக்காரு.”

“கைய ஒடச்சுக்கறதுக்கு முன்னாடி நீ எதையோ எதிர்பாத்துட்டு இருந்த மாதிரி இருந்துச்சு.”

வார்டுக்கு வெளியே சாப்பாட்டு வண்டி ஒன்று உருண்டு போனது.

“சொன்னா திட்டுவீங்க.”

“மாட்டேன்.”

“மொத தடவ நெஜமாவே கோவம்தான் மேடம். அம்மா அயர்லாந்துல நர்ஸா இருக்காங்க. லீவுக்கு வரேன்னுட்டு வரலன்னாங்க, அன்னிக்கு. அப்ப இங்க கட்டுப்போட்டுவிட்ட நர்ஸ் அக்கா சொன்னாங்க, ‘கவலப்படாத, உனக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இன்னொருத்தங்க போட்டுப் பாப்பாங்க’ன்னு. எனக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே!” அவள் கட்டின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “நான் அதையே நெனச்சிட்டிருந்தேன். அப்புறம் தாங்க முடியாம வர்றப்பல்லாம், இத இப்ப யாராச்சும் பாத்தா நல்லாருக்குமேன்னு தோணும். சும்மா இருந்தா மறுநாள் அழிஞ்சிடும்ல? அடிபட்டாத்தான எடுத்து வைப்பாங்க.”

சுகிர்தாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“வலிக்கலையாம்மா?”

“ரொம்ப வலிச்சுது. கை முன்ன மாதிரி வருமான்னு தெரியலங்கறாங்க. டீம்லயும் இனி எடுக்க மாட்டாங்க.” குரல் கம்மியது. “ஆனா பத்து நிமிஷம் என்கூட ஒரு ஆள் இருக்காங்கல்ல மேடம். அதுக்காக இவ்வளவு பண்ணணுமான்னு எனக்கே தெரியும். வேற வழி தெரியல.”

அன்று சாயங்காலம் சுகிர்தா வீட்டுக்குப் போகவில்லை. தன் பழைய வாசிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி அரை நிமிடத்தை மட்டும் மறுபடி மாட்டிப் பார்த்தாள். முதல் ஐந்து வருடத்தில் எதிலும் அது இல்லை. ஆறாவது வருடத்தில் ஒரு பிள்ளையிடம் இருந்தது. பர்கூர்ப் பையன், பதினான்கு வயது. அடுத்த வருடம் நாலு பேர். இப்படியே நாற்பத்தொன்று. வாசலையே பார்த்து நிற்கிற நாற்பத்தொரு பிள்ளைகள். அவர்கள் காத்திருந்தது அவளுக்காக. அவள் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ‘பதற்றம்’ என்று தொட்டுவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் காலையில் இயக்குநர் டாக்டர் உமாசங்கரிடம் இதைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. மையத்தை ஒற்றை ஆளாகப் போராடி வாங்கியவர். முழுக்கக் கேட்டார்.

“அதாவது கவனத்துக்காகப் பண்றாங்கன்னு சொல்றீங்க.”

“பசிக்குதுன்னு சாப்பாடு கேக்கறவங்கள நாம அப்படிச் சொல்றதில்லையே சார்.”

“சரி, என்ன செய்யலாங்கறீங்க?”

“காயம் பட்டாத்தான் வாசிப்போங்கற விதிய எடுக்கணும். வேணும்னு சொல்ற பிள்ளைங்க பேசறத ஒரு ஆள் உக்காந்து கேக்கணும். கவசம்கூட வேணாம்.”

உமாசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாவட்டத்துல பட்டை போட்ட பிள்ளைங்க ஒண்ணேகால் லட்சம். நம்மகிட்ட நாலு பேர். நீங்க சொல்றது தப்புன்னு சொல்லல சுகிர்தா. அதுக்கு ஆள் எங்க இருக்கு?” அதை மறுபடி மாட்டிக்கொண்டு, “படிவத்துல எட்டாவது கட்டம் கிடையாது. பதற்றம்னே போடுங்க” என்றார்.

அவள் போடவில்லை.

நாலாம் நாள் தன்ஷிகாவின் அப்பா கோவர்த்தனன் தாள் வாங்க மையத்துக்கு வந்தார். பேட்டரித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். சீருடையோடு வந்திருந்தார். முந்தின நாளே வீடு திரும்பியிருந்த தன்ஷிகாவும் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தாள் தயாராகவில்லை என்றதும் அவர் கோபப்படவில்லை. அதுவே பார்க்கப் பாவமாக இருந்தது.

“என்ன சொல் வரும்னு மட்டும் சொல்லுங்க மேடம். அதுக்கு ஏத்த மாதிரி பாத்துக்கறேன். நான் எதுவும் குறை வைக்கல. தனி ரூம், போன், ஷூ. திட்டறது கூட இல்ல. அவளுக்கு என்னைக் கண்டா ஆகாது, அதனால நான் தொந்தரவே பண்றதில்ல.”

“ஆகாதுன்னு அவ சொன்னாளா?”

“சொல்லணுமா? தினமும் ஏழரை தாண்டி நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அஞ்சு நிமிஷத்துல ரூமுக்குப் போயிடுவா.”

சுகிர்தா எழுந்து வெளியே போனாள். பெஞ்சில் தன்ஷிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெற்றோருக்குக் கவசம் தரக் கூடாது. அது முதல் விதி. காயம் படாத நேரத்தை யாருமே பார்க்கக் கூடாது; அது அதற்கும் மேலான விதி. இரண்டும் பிள்ளைகளைக் காக்க எழுதப்பட்டவை, நியாயமானவை.

“நேத்து சாயங்காலம் உன் பட்டைல இன்னும் இருக்கும். ஏழரைலேருந்து பத்து நிமிஷம். உங்க அப்பா பாக்கட்டுமா? வேணாம்னா வேணாம். நான் கேட்டதையே மறந்துடலாம்.”

“நேத்து ஒண்ணும் நடக்கலையே மேடம்.”

“ஆமா. ஒண்ணும் நடக்காத நேரம்தான்.”

தன்ஷிகா வெகுநேரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் காதுக்குப் பின்னாலிருந்து பட்டையைப் பிரித்து சுகிர்தாவின் உள்ளங்கையில் வைத்தாள். “நான் உள்ள வரல. அவர் பாக்கறத நான் பாக்க வேணாம்.”

கோவர்த்தனன் நாற்காலியில் பல் டாக்டரிடம் உட்காருகிறவர்போல விறைப்பாக உட்கார்ந்தார். சுகிர்தா கவசத்தை மாட்டிவிட்டு, நேரம் ஓடும் திரையை அவர் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். “உணர்ச்சி மட்டும்தான் வரும். முடியலன்னா கை தூக்குங்க.”

ஏழு முப்பது. அவர் முகம் மெல்லத் தொய்ந்தது. வயிற்றில் கை வைத்துக்கொண்டார். “வெறும் வீடு மாதிரி இருக்கு” என்றார். ஏழு முப்பத்தைந்து. தோள்கள் கூனின, அந்த வயதுப் பெண் ஒருத்தி சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவது போலவே அந்த ஐம்பது வயது மனிதர் தன்னைச் சுருக்கிக்கொண்டார்.

ஏழு முப்பத்தேழில் அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. முதுகு நேரானது. மூச்சு வேகமாக வந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதை சுகிர்தா பார்த்தாள். “என்ன இது?” என்றார் அவர், கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே. “யாரோ வராங்க. ரொம்ப வேண்டியவங்க. யாரு மேடம் அது?”

அவர் திரையைப் பார்த்தார்.

“இது நான் வர்ற நேரம்” என்றார்.

வெளிச்சம் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு, யாரும் ஊதாமலே அணைவது போல, அணைந்தது. முன்பிருந்த பள்ளத்தைவிட ஆழமான ஒன்றுக்குள் அவர் இறங்கிப் போவது கன்னத்திலும் உதட்டிலும் தெரிந்தது. ஏழு நாற்பதில் சுகிர்தா கவசத்தைக் கழற்றினாள்.

“நான் ஒண்ணும் பண்ணல மேடம்” என்றார் கோவர்த்தனன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது இரவல் வாங்கியது இல்லை. “சாப்பிட்டியான்னு கேட்டேன். ம்னு சொன்னா. நான் குளிக்கப் போனேன். அவ்வளவுதான். தினமும் அவ்வளவுதான்.”

அவர் வெளியே போனார். கதவின் சிறு கண்ணாடி வழியே சுகிர்தா பார்த்தாள். மகளிடம் அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து போகாமல் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, கட்டுப்போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நடந்ததைச் சுகிர்தாவே எழுதிக் கொடுத்தாள். நாற்பத்தொரு பதிவுகளின் பட்டியலையும் சேர்த்து வைத்தாள். கோவர்த்தனன் புகார் தர மறுத்தார்; ஆனாலும் மீறியவை இரண்டு பெரிய விதிகள். விசாரணை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது; வேலை போனது. பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசி நாளில் உமாசங்கர் வாசல்வரை கூட வந்தார்.

“எப்படியும் இன்னும் மூணு மாசம்தான் சுகிர்தா. வாசிப்பாளர் வேலையே இருக்காது. இயந்திரம் கத்துக்கிடுச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாச் சொல்லுது.”

“யார்கிட்ட கத்துக்கிச்சு?”

அவர் தயங்கினார். “உங்க எண்ணூறு வாசிப்புகள்கிட்டதான் அதிகமா. உங்களுதுதான் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு.”

அப்படியானால் அந்த நாற்பத்தொன்றையும் அது பதற்றம் என்றே கற்றுக்கொண்டிருக்கும். இனி எந்தக் காலத்திலும் பதற்றம் என்றே சொல்லும். அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவருக்கு ஒரு அழைப்பு வந்துவிட்டது.

அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. பெயரைக் கூப்பிட்டு டோக்கன் கொடுக்கிற வேலை. அடுத்த ஜூனில் பள்ளிகளில் புதிய அறிவிப்பு ஒட்டினார்கள். நிலையத்துக்கு எதிரே இருந்த பள்ளியின் சுற்றுச்சுவரில் அதை அவள் படித்தாள்: ‘மாணவச் செல்வங்களே! உங்கள் உணர்வுகளை இனி மனிதர் எவரும் பார்க்கமாட்டார்கள். முழு ரகசியம் உறுதி.’

எட்டு மாதம் கழித்துப் போனில் ஒரு செய்தி வந்தது. மாவட்டத்தில் பிள்ளைகள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது பாதியாகக் குறைந்துவிட்டது. புதிய இயந்திரத்தின் வெற்றி. படத்தில் உமாசங்கர் ஒரு கேடயத்தை வாங்கிக்கொண்டிருந்தார். சுகிர்தா அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். சந்தோஷப்பட வேண்டிய எண்தான். அவ்வளவு கைகள் உடையாமல் இருக்கின்றன, பொய்யில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வர ஆள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, வாசலைப் பார்த்து நிற்பதை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதை எந்தப் பட்டையும் காயமாகக் கணக்கெடுக்காது.

போனைக் கீழே வைக்கும்போது அது அடித்தது. தெரியாத எண்.

“மேடம், நான் தன்ஷிகா. அப்பா உங்க நம்பர மையத்துல கேட்டு வாங்கி வச்சிருந்தாரு.”

சுகிர்தா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“எங்கம்மா இருக்க? என்ன ஆச்சு? கையா?”

“ஒண்ணும் ஆகல மேடம். ஒண்ணும் ஆகலன்னா கூப்பிடக் கூடாதா?”

கவுன்டரில் நின்றிருந்த பெரியவரிடம் சுகிர்தா கையால் கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, படியில், வெயிலில் உட்கார்ந்தாள்.

“கூப்பிடலாம். சொல்லு.”

தன்ஷிகா பேசத் தொடங்கினாள். இடது கையால் பந்து அடித்துப் பழகுவதைச் சொன்னாள். பத்தில் ஏழு வலையில் போய் விழுகிறதாம். அப்பா வந்ததும் குளிக்கப் போகாமல் சும்மா எதிரே உட்கார்ந்திருப்பதையும், சில நாள் அது எரிச்சலாக இருப்பதையும் சொன்னாள். இடையில் ஒருமுறை குரல் தடுமாறி நின்றது. அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா?

சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. அந்த நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க அவளிடம் இப்போது எதுவும் இல்லை.

“என்னம்மா?” என்று கேட்டாள். பதில் வரும்வரை காத்திருந்தாள்.